அட்மின், அட்மின்: வீட்டு வைஃபை பூட்டின் கதை

ஓசூரில் ஏதாவது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியில் நின்று செல்போனில் வைஃபையைத் திறந்து பாருங்கள். பதினைந்து, இருபது பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் தெலுங்கு, நடுவில் ஒரு சாமி பெயர், ஒரு கிரிக்கெட் வீரர் பெயர். சிப்காட்டில் மூன்றாம் ஷிப்டு முடித்து வந்து தூங்குகிறவர் வீடும் அதில் இருக்கும், அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய் வருகிறவர் வீடும் இருக்கும். அநேகமாக எல்லாப் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டிப் பூட்டுப் படம்.

2000களின் நடுவில் இந்தப் பூட்டு பாதிப் பெயர்களுக்கு இருந்திருக்காது. அது எப்படி வந்தது, யாருடைய செலவில் வந்தது என்பது சுவாரசியமான கதை. பூட்டு இல்லாததற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தக் கதை முழுக்க வருகிறது. வீட்டுக்காரரா, மோடம் செய்த கம்பெனியா, இணைப்பு கொடுத்த நிறுவனமா, அரசாங்கமா? ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டியதுதான் பாதிக் கதை!

முதலில் இந்தியாவில் வைஃபை வந்த கதை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில்தான் ஆரம்பகால வைஃபை எல்லாம் ஓடியது. அதை லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் வீட்டிலும் வெளியிலும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு விதி வெளியிட்டது 2005 ஜனவரியில். அதற்குச் சில மாதம் முன்பு, 2004 அக்டோபரில், பிராட்பேண்ட் கொள்கை வந்திருந்தது. 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தால் அதன் பெயர் பிராட்பேண்ட் என்றது அந்தக் கொள்கை. (சிரிக்காதீர்கள். டயல்-அப் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ராக்கெட்.) அதே 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' சேவையைத் தொடங்கியது. போன் லைன் இருந்த வீடுகளில் அதே செம்புக் கம்பியில் இன்டர்நெட்டும் வந்தது. 04344 என்று தொடங்கும் ஓசூர் நம்பர்களுக்கும் அதே வழிதான்.

மோடம் வந்தது, கூடவே அதன் சாவியும் வந்தது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் மோடத்தின் உள்ளே போகலாம். பெயர் கேட்கும்: அட்மின். கடவுச்சொல் கேட்கும்: அதுவும் அட்மின். இணைப்பைக் கொடுக்க வந்தவர் இதைத் திறந்து நாலு விவரம் போட்டு, பச்சை விளக்கு எரிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த அட்மினை மாற்ற வேண்டும் என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்லவில்லை. வைஃபை உள்ள மோடம் என்றால் காற்றில் போகும் இணைப்புக்கும் கடவுச்சொல் இல்லாமலேயே பல இடங்களில் விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு இதன் ஆபத்து என்று மக்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பில். மாதத்துக்கு இத்தனை மெகாபைட் என்று கணக்கு, அதைத் தாண்டினால் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் காசு. சில திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை கணக்கில்லை என்று இருந்ததால், அலாரம் வைத்து எழுந்து படம் டவுன்லோடு செய்த ஒரு தலைமுறையே உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் வைஃபையில் பகலில் பாட்டு இறக்கினால் மாதக் கடைசியில் பில் உங்கள் பெயருக்கு வரும். ஆக, திறந்து கிடந்த வைஃபைக்கு முதலில் பூட்டுப் போட வைத்தது பணம். எந்தப் போலீசும் எந்த நிபுணரும் அதற்கு முன்னால் வரவில்லை.

பூட்டுப் போட்டவர்களுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. அப்போது கிடைத்த பூட்டே ஓட்டை. 1997-ல் வைஃபைக்கான முதல் தர விதிகள் வந்தபோதே 'வெப்' என்ற பாதுகாப்பு முறையும் வந்தது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் பூட்ட, கடவுச்சொல்லோடு 24 பிட் நீளமுள்ள ஒரு மாறும் எண்ணைச் சேர்ப்பார்கள். 24 பிட் என்றால் மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் எண்கள்தான். பரபரப்பான இணைப்பில் அவை சில மணி நேரத்திலேயே தீர்ந்து, பழைய எண்களே திரும்பி வரும். 2001-ல் ஃப்ளூரர், மாண்டின், ஷமிர் என்ற மூவர் இதன் அடிப்படையிலேயே உள்ள பலவீனத்தை எழுதி வெளியிட்டார்கள். 2007-ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் வெப்பை உடைக்கலாம் என்று காட்டினார்கள். அதே ஆண்டு, அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். கடைச் சங்கிலியில் 4 கோடியே 57 லட்சம் கார்டு எண்கள் திருடு போனது வெளியே வந்தது. ஒரு கடையின் பலவீனமான வைஃபைதான் வாசல் என்று எழுதினார்கள். இதற்கு மாற்றாக 2003-ல் டபிள்யூ.பி.ஏ., 2004-ல் டபிள்யூ.பி.ஏ.2 வந்துவிட்டன. ஆனால் நம் ஊர் மோடத்தில் வெப் என்ற பெயர்தான் பட்டியலில் முதலில் நிற்கும். முதலில் நிற்பதைத்தானே அழுத்துவோம்?

இப்படியே போயிருந்தால் இது பில் தகராறாகவே முடிந்திருக்கும். 2008 ஜூலை 26 எல்லாவற்றையும் மாற்றியது.

அன்று மாலை அகமதாபாத்தில் அடுத்தடுத்து 21 குண்டுகள் வெடித்தன. 56 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் காயம். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, தாக்குதலுக்குப் பொறுப்பேற்று 'இந்தியன் முஜாகிதீன்' பெயரில் டி.வி. சேனல்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீஸ் அதன் ஐ.பி. முகவரியைத் தேடிப் போனார்கள். முகவரி நவி மும்பை, சான்பாடா பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டைக் காட்டியது. அங்கே வாடகைக்கு இருந்தவர் ஓர் அமெரிக்கர்.

இந்த இடத்தில் ஐ.பி. முகவரி என்றால் என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்கின் உயிரே அதில் இருக்கிறது. ஒரு வீட்டில் ஐந்து போனும் இரண்டு கம்ப்யூட்டரும் இருந்தாலும், வெளியுலகத்துக்கு அந்த வீடு முழுவதும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் யார் என்ன அனுப்பினாலும் மோடம் அதன்மேல் தன் எண்ணைப் போட்டு வெளியே அனுப்பும். ஆபீசில் யார் எழுதிய கடிதமானாலும் ஒரே ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்புவது போல. மாடிப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவன் உங்கள் வைஃபைக்குள் வந்துவிட்டால் அவனுக்கும் உங்கள் ஸ்டாம்ப்தான்.

அதுதான் நடந்தது. அந்த அமெரிக்கரின் வைஃபை பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்தது, வேறு யாரோ அதைப் பயன்படுத்தி மின்னஞ்சலை அனுப்பியிருக்கிறார்கள் என்ற முடிவுக்குத்தான் போலீஸ் வந்தார்கள். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்குள் அவருடைய கம்ப்யூட்டர்கள் பறிமுதலாகி, நாள் கணக்கில் விசாரணை நடந்து, பெயரும் படமும் எல்லா சேனலிலும் ஓடிவிட்டன. ஆகஸ்டில் அவர் டெல்லி விமான நிலையம் வழியாக நாட்டைவிட்டே போனது இன்னொரு பரபரப்பு. 56 உயிர்களைப் பறிகொடுத்த வழக்கில் தன் வீட்டு முகவரி வருவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் செய்த ஒரே தவறு, மோடத்தை வந்தபடியே விட்டது. (அந்தக் குண்டுவெடிப்பு வழக்கில் 2022 பிப்ரவரியில்தான் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: 49 பேர் குற்றவாளிகள், அதில் 38 பேருக்கு மரண தண்டனை.)

அது ஒரு தடவையோடும் நிற்கவில்லை. ஆகஸ்ட் 23 அன்று வந்த மின்னஞ்சல் மும்பை மாதுங்காவில் உள்ள கால்சா கல்லூரியின் இணைப்பிலிருந்து போயிருந்தது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பு அன்று வந்தது, செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபையிலிருந்து. மும்பையில் பூட்டில்லாத வைஃபைகளைத் தேடிச் சுற்றுவதற்கென்றே ஆள் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

விளைவு, 2009 ஜனவரியில் மும்பை போலீசே லேப்டாப்போடு தெருவில் இறங்கி, பூட்டில்லாத வைஃபைகளைக் கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுக்கப் போவதாக அறிவித்தார்கள். பிப்ரவரி 23 அன்று தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஒரு உத்தரவு அனுப்பியது. வைஃபை பயன்படுத்துகிறவர் யார் என்ற பதிவு இருக்க வேண்டும், அடையாளம் சரிபார்க்காமல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது அதன் சாரம். விமான நிலையத்தில் 'இலவச வைஃபை' என்று போர்டு பார்த்து ஆசையாகப் போனால், போன் நம்பர் கொடு, ஓ.டி.பி. கொடு என்று கேட்கிறதே, அந்த வழக்கம் இங்கே தொடங்கியதுதான்.

இந்த நடவடிக்கைகளில் ஒன்று உறுத்துகிறது. நோட்டீஸ் வீட்டுக்காரருக்கு, பதிவேடு வைக்கும் வேலை சேவை நிறுவனத்துக்கு. எல்லா மோடத்துக்கும் ஒரே அட்மின் என்று போட்டுப் பெட்டியில் அடைத்து அனுப்பிய தயாரிப்பாளரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ஒருவர் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தபோது அவர் வீட்டு வைஃபை வழியாக யாரோ ஒரு பாட்டை இணையத்தில் பகிர்ந்துவிட்டார்கள். பாட்டின் உரிமையாளர் வழக்குப் போட்டார். 2010 மே 12 அன்று அந்த நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: நீ பகிரவில்லை, அதனால் நஷ்ட ஈடு கிடையாது, ஆனால் பெட்டியில் வந்த கடவுச்சொல்லை மாற்றி உனக்கென்று ஒன்று போடாதது உன் தவறு. அங்கேயும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில்தான் விழுந்தது. அவர்கள் 2017-ல் சட்டத்தையே மாற்றி, வைஃபை வைத்திருப்பவர் மீதான இந்தப் பொறுப்பை விலக்கினார்கள் என்பது பின்கதை.

இதுவரை சொன்னதெல்லாம் வைஃபை அலை எட்டும் தூரத்தில் இருப்பவனைப் பற்றியது. அடுத்த பத்தாண்டில் ஆபத்து ஊர் விட்டு ஊர், கண்டம் விட்டுக் கண்டம் போனது. பிரேசிலில் 45 லட்சம் வீட்டு மோடங்களுக்குள் வெளியிலிருந்து புகுந்து, அவற்றின் டி.என்.எஸ். எண்ணை மாற்றிவிட்டார்கள் என்பது 2012-ல் தெரியவந்தது. டி.என்.எஸ். என்பது இணையத்தின் டெலிபோன் டைரக்டரி. வங்கியின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தருவது. டைரக்டரியையே மாற்றிவிட்டால், நீங்கள் சரியான முகவரியை அடித்தாலும் போய்ச் சேருவது திருடன் கட்டிய போலி வங்கிக்கு. கம்ப்யூட்டரில் எத்தனை ஆன்டிவைரஸ் போட்டாலும் தெரியாது, ஏனென்றால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. வீட்டில் எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி சம்பந்தமில்லாத விளம்பரமோ விசித்திரமான பக்கமோ வந்தால் முதலில் மோடத்துக்குள் போய் டி.என்.எஸ். எண்ணைப் பார்க்க வேண்டும் என்ற பாடம் அப்போது கிடைத்ததுதான்.

2016-ல் 'மிராய்' வந்தது. அதன் தந்திரம் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமை. அட்மின்-அட்மின் மாதிரி அறுபதுச் சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல். இணையத்தில் கண்ணில் படும் கேமரா, மோடம் ஒவ்வொன்றிலும் அந்தப் பட்டியலைப் போட்டுப் பார்ப்பது, திறந்தால் அதைத் தன் படையில் சேர்ப்பது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இந்தப் படை டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டி.என்.எஸ். சேவையைத் தாக்க, ட்விட்டர் உட்பட பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை.

நம் பக்கத்துக்கு இது வந்தது 2017 ஜூலை கடைசி வாரத்தில். கர்நாடகம் உட்பட நாட்டின் பல பகுதிகளில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்கள் திடீரென்று செயலிழந்தன. கர்நாடகத்தில் பாதிப்பு பெரிது என்று அப்போதைய செய்திகள் கூறின. மால்வேர் தாக்குதல் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. சுமார் 2,000 மோடங்கள், அதுவும் 'அட்மின்' என்ற கடவுச்சொல்லை மாற்றாதவை, பாதிக்கப்பட்டன என்றும், நிறுவனத்தின் மைய நெட்வொர்க்குக்கு ஒன்றும் இல்லை என்றும், வாடிக்கையாளர்கள் உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்றும் அதன் தலைவர் அனுபம் ஸ்ரீவத்சவா சொன்னார். வெளிநாட்டுத் தொழில்நுட்பச் செய்தித் தளங்கள் 60,000 மோடங்களுக்கு மேல் என்று எழுதின.

இதைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டவன் 'ஜானிட்டர்' என்ற புனைபெயர்க்காரன். அவனுடைய நிரலுக்கு 'பிரிக்கர்பாட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரிக் என்றால் செங்கல். மோடத்துக்குள் புகுந்து உள்ளே இருப்பதை அழித்து அதைச் செங்கல் மாதிரி ஆக்கிவிடும். அவன் சொன்ன நியாயம் இன்னும் விசித்திரம். பூட்டில்லாத மோடங்களை மிராய் மாதிரிப் படைகள் பிடித்துக்கொள்வதற்கு முன்னால் தானே கொன்றுவிடுகிறானாம். அதற்கு அவன் வைத்த பெயர் 'இன்டர்நெட் கீமோதெரபி'. வியாதியைத் தீர்க்க நோயாளியைத் தீர்த்துக் கட்டும் வைத்தியம்!

யோசித்தால் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் கர்நாடக சர்க்கிள், ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு சர்க்கிள். பார்டரைத் தாண்டினால் ரோமிங் காசு போகிறது என்று ஓசூர்க்காரர்கள் வருஷக்கணக்கில் புலம்பிய கோடு அது. பிரிக்கர்பாட் மாதிரி நிரலுக்கு அந்தச் செக்போஸ்ட் தெரியாது. அது பார்ப்பது ஒரு எண்ணையும், அந்த எண்ணில் வெளியே திறந்து கிடக்கும் 7547 என்ற ஒரு போர்ட்டையும்தான். தூரத்திலிருந்தே மோடத்தைச் சரிசெய்ய சேவை நிறுவனங்கள் வைத்துக்கொண்ட கதவு அது. அந்தக் கதவு இருப்பதே வாடிக்கையாளருக்குத் தெரியாது. இதற்கு எந்த வீட்டுக்காரரைக் குற்றம் சொல்வது?

இதில் ஒரு வணிகக் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு மோடத்துக்கும் தனித்தனிக் கடவுச்சொல் போட்டு ஸ்டிக்கர் ஒட்டினால் தொழிற்சாலைக்குக் கொஞ்சம் செலவு. ஸ்டிக்கர் கிழிந்தவர்கள் கஸ்டமர் கேருக்கு போன் செய்வார்கள், அதுவும் செலவு. ஒரே அட்மின் என்றால் இரண்டும் மிச்சம். அதனால் வரும் நஷ்டமோ தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் ஏறாது. சான்பாடா வீட்டுக்காரர் கணக்கிலும், பெங்களூரில் இன்டர்நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் கணக்கிலும்தான் ஏறும். பொருளாதாரப் பாடத்தில் ஆலைப் புகைக்குச் சொல்லும் அதே கதை. புகை விடுகிறவர் ஒருவர், இருமுகிறவர் வேறொருவர். சிப்காட் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புகைக்குச் சட்டம் வந்த மாதிரி இதற்கும் மெதுவாக வந்தது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்கக் கூடாது என்ற பொருளில் கலிபோர்னியாவின் சட்டம் 2020 ஜனவரி 1 முதலும், பிரிட்டனின் சட்டம் 2024 ஏப்ரல் 29 முதலும் நடைமுறைக்கு வந்தன. பூட்டுப் போடாத வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்த காலத்திலிருந்து பூட்டில்லாமல் விற்கிறவரைக் கேட்கும் காலத்துக்கு வர இத்தனை வருடம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் பெங்களூரில் தேசியத் தொடர்புப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. வீட்டு வைஃபை கருவிகளுக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்ற தேவைப் பட்டியலை வெளியிட்டிருப்பது அதுதான். ஓசூரிலிருந்து ஒரு பஸ் தூரம்.

சரி, இப்போது மாடிப்படியில் பார்த்த அந்தப் பூட்டுகளுக்கு வருவோம். புது ஃபைபர் மோடங்களில் வெப் தொல்லை அநேகமாக ஒழிந்தது. டபிள்யூ.பி.ஏ.3 என்ற அடுத்த பூட்டும் 2018-ல் வந்துவிட்டது. ஆனால் சாவி? இணைப்புக் கொடுக்க வருகிற தம்பி "பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் சார்?" என்று கேட்கிறார். "என் போன் நம்பரையே வைப்பா" என்கிறார் வீட்டுக்காரர். மறக்காது என்பது அவர் கணக்கு.

இந்திய செல்போன் எண் 6, 7, 8, 9-ல் ஒன்றில்தான் தொடங்கும். மீதி ஒன்பது இலக்கம். மொத்தம் 400 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் வைஃபையில் ஒரு கருவி நுழையும்போது நடக்கும் பரிமாற்றத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், வீட்டில் உட்கார்ந்தே ஒரு கேமிங் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு நொடிக்குச் சில லட்சம் எண்களைப் போட்டுப் பார்க்கும். காலையில் ஆரம்பித்தால் சாயங்கால டீக்குள் முடிந்துவிடும். இது வெறும் கணக்கு இல்லை. 2021-ல் இஸ்ரேலில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் டெல் அவிவ் தெருக்களில் சுற்றி 5,000 வைஃபைகளின் தகவலைச் சேகரித்தார். 70 சதவீதத்தை உடைத்துவிட்டார். அங்கேயும் பல பேர் வைத்திருந்தது சொந்த செல்போன் எண்!

ஆகவே மோடம் சந்தேகமாக நடந்துகொண்டால், உதாரணமாக யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் விளக்கு விடாமல் துடித்தால், வேகம் காரணமில்லாமல் விழுந்தால், செய்ய வேண்டியது இந்த வரலாற்றிலேயே வரிசையாக இருக்கிறது. மோடத்துக்குள் போய் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை வீட்டிலுள்ள கருவிகளோடு எண்ணிப் பார்ப்பது 2005-ன் பாடம். டி.என்.எஸ். எண்ணைப் பார்ப்பது 2012-ன் பாடம். சந்தேகம் உறுதியானால் பின்னாலுள்ள சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் செய்து, இணையத்தில் சேர்க்கும் முன்பே அட்மின் கடவுச்சொல்லை மாற்றுவது 2017-ன் பாடம். இந்த வரிசை முக்கியம். ரீசெட் செய்ததும் மோடம் மறுபடி பழைய அட்மின்-அட்மினுக்கே போகும், அப்படியே இணையத்தில் விட்டால் சில நிமிடத்திலேயே எவனாவது வந்து தட்டுவான். டபிள்யூ.பி.எஸ். என்ற பட்டன் வசதி இருந்தால் அணைத்துவிடலாம். அதன் எட்டு இலக்க எண்ணை மோடம் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் பத்துக் கோடி வாய்ப்பு வெறும் 11,000 ஆகச் சுருங்கிவிடுகிறது என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

வைஃபை கடவுச்சொல்லுக்கு நாலு சம்பந்தமில்லாத வார்த்தைகளைச் சேர்த்து எழுதினால் போதும். தாத்தாவுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தத் தம்பி அடுத்த வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், வைஃபைக்கு ஒன்று, மோடத்தின் அட்மினுக்கு வேறொன்று என்று இரண்டையும் மாற்றித் தரச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலை. பெட்டியின் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு தடவை அவரிடமே கேட்டும் பாருங்கள்.